தட்டில் வளர்ந்த செடி தொட்டியில் ஏன் வளரவில்லை? ஆய்வகச் சந்தேகங்களுக்குப் பதில்கள்

செடிகளையும் அவற்றின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்து வளர்த்துப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, விதைகளைப் பிளீச்சில் கழுவித்தான், அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் வைக்கிறேன். அப்படியும் நாலாம் நாள் பாக்டீரியா கிளம்பிவிடுகிறது. எங்கே தப்பு?

அது எங்கே கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். தட்டின் மேற்பரப்பில் அங்கங்கே புள்ளி புள்ளியாக வந்தால், காற்றிலிருந்தோ உங்கள் கையிலிருந்தோ விழுந்தது. அகாருக்கு உள்ளே புதைந்தமாதிரி வந்தால், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைச் சந்தேகப்படலாம். 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது சிறிய குடுவைக்குச் சரி. இரண்டு லிட்டர் குடுவையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டவே தனியாக நேரம் பிடிக்கும்.

விதையைச் சுற்றி மட்டும் வந்தால் விதைதான் காரணம். 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், அப்புறம் நீர்த்த பிளீச்சில் ஒரு பத்து நிமிடம், அதன்பின் கிருமி நீக்கிய தண்ணீரில் நாலைந்து முறை அலசல். பிளீச்சில் ஒரு துளி ட்வீன் 20 (சோப்பு மாதிரி ஒரு திரவம்) விட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விதையின் சுருக்கங்களில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் பிளீச் படாமலே போகும். நீர்த்த பிளீச்சை அன்றன்றே கலக்க வேண்டும், போன வாரத்துப் புட்டியை நம்பக் கூடாது.

கடைசியாக அலசிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சத்து அகாரில் தேய்த்து வையுங்கள். அதில் ஒன்றுமே வளராமல், முளைத்த செடியிலிருந்து மட்டும் பாக்டீரியா வந்தால், அது விதைக்கு உள்ளேயே குடியிருந்தது. எவ்வளவு பிளீச் ஊற்றினாலும் அதை எட்டாது. விதையை மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தப் பாக்டீரியாவையே ஆராயத் தொடங்குங்கள். இரண்டாவது வழியில் போய் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு.

எல்லோரும் ஏன் அரபிடாப்சிஸையே பிடித்துத் தொங்குகிறார்கள்? சாப்பிடக்கூட உதவாத களைதானே?

களைதான், கடுகுக் குடும்பம். ஆனால் விதை போட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி விதை கையில் கிடைக்கும். ஒரே செடியில் ஆயிரக்கணக்கில் விதை. முழு மரபணுத் தொகுதியும் முதலில் படிக்கப்பட்ட செடி இதுதான், 2000இல். ஐந்தே குரோமோசோம்கள். திசு வளர்ப்பு எதுவுமில்லாமல், செடிக்குள் மரபணுவைச் செலுத்தும் அக்ரோபாக்டீரியக் கரைசலில் பூங்கொத்தை முக்கி எடுத்தே புது மரபணுவை ஏற்றிவிடலாம். இவ்வளவு வசதியை யார் விடுவார்கள்?

நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா குடியிருக்கும் வேர் முடிச்சு பற்றியோ, வேரோடு பூஞ்சை சேர்ந்து வாழும் மைக்கோரைசா பற்றியோ ஆராய வேண்டுமானால் இது உதவாது. இரண்டுமே இதன் வேரில் உண்டாவதில்லை. அதற்கு மெடிகாகோ, லோட்டஸ் ஜப்பானிகஸ் என்று வேறு செடிகள் இருக்கின்றன.

என் பாக்டீரியா ஐ.ஏ.ஏ. (செடியின் வளர்ச்சி ஹார்மோன்) சுரக்கிறது, பாஸ்பேட்டையும் கரைக்கிறது. தட்டில் செடி இரண்டு மடங்கு வளர்ந்தது. மண் தொட்டியில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏன்?

வந்ததில் பாதிக் கேள்விகள் இதேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐ.ஏ.ஏ. சோதனையில் நாம் என்ன செய்கிறோம்? ஊடகத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தாராளமாகப் போடுகிறோம், பாக்டீரியா அதை ஐ.ஏ.ஏ. ஆக மாற்றுகிறது, சல்கோவ்ஸ்கி கரைசல் இளஞ்சிவப்பாகிறது. மண்ணில் அப்படி யார் டிரிப்டோபான் ஊட்டுகிறார்கள்? பாஸ்பேட் கதையும் அதேதான். பிகோவ்ஸ்கயா ஊடகத்தில் லிட்டருக்குப் பத்து கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அதைத் தின்று பாக்டீரியா அமிலம் விடுகிறது, கால்சியம் பாஸ்பேட் கரைந்து காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிகிறது. மண்ணில் அவ்வளவு சர்க்கரை கிடையாது. விடுகிற கொஞ்ச அமிலத்தையும் மண் தாங்கிக்கொள்ளும். போதாததற்கு, பல மண்களில் பாஸ்பேட் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கிறது. இந்தச் சோதனைகள் ஒரு பாக்டீரியாவுக்கு என்ன முடியும் என்று காட்டும், வேரருகே அது என்ன செய்கிறது என்று காட்டாது.

இரண்டாவது, அது அங்கே உயிரோடு இருக்கிறதா? ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா ஏற்கெனவே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. தட்டில் உங்கள் ஆள் தனிக்காட்டு ராஜா, மண்ணில் அவனும் கூட்டத்தில் ஒருவன். அதனால் உங்கள் பாக்டீரியாவில், ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் வகை ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றி இரண்டு வாரம் கழித்து வேரை அரைத்து, நீர்த்து, ரிஃபாம்பிசின் போட்ட தட்டில் எண்ணுங்கள். ஒன்றும் ஊற்றாத தொட்டியின் வேரையும் கூடவே எண்ண வேண்டும், ஏனென்றால் ரிஃபாம்பிசினைத் தாங்கும் பாக்டீரியா மண்ணிலேயே கொஞ்சம் இருக்கும். இரண்டு எண்ணிக்கைக்கும் வித்தியாசமே இல்லையென்றால், மற்ற அளவீடுகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வந்த முதல் வருடம், என் பாக்டீரியா ஊற்றிய செடிகள் கரும்பச்சையாகத் தளதளவென்று வளர்ந்தன. எட்டு மாதம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். கூட இருந்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “கண்ட்ரோல் தொட்டியில் என்ன ஊற்றினாய்?” என்று கேட்டார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் என்றேன். “பாக்டீரியாவை எதோடு ஊற்றினாய்?” அதை வளர்த்த எல்.பி. திரவத்தோடு அப்படியே. அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. எல்.பி. என்றால் டிரிப்டோனும் ஈஸ்ட் சாறும், இரண்டிலும் நைட்ரஜன் ஏராளம். எட்டு மாதமாகச் செடிக்கு நான் உரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பாக்டீரியாவைச் சுழற்றிப் படியவைத்து, ஊடகத்தைக் கொட்டிவிட்டு, 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடில் இரண்டு முறை கழுவி ஊற்றுங்கள். ஒரு தொட்டிக்கு அந்தக் கரைசல் மட்டும். இன்னொன்றுக்கு, சுட வைத்துக் கொன்ற அதே பாக்டீரியா. செத்த பாக்டீரியாவுக்கும் செடி அதே அளவு வளர்ந்தால் நடந்தது என்னவென்று உங்களுக்கே புரியும்.

பாக்டீரியா வைத்தால் வேர் குட்டையாகிறது. அப்படியென்றால் அது கெட்ட பாக்டீரியாவா?

அவசரப்படாதீர்கள். ஐ.ஏ.ஏ. போன்ற ஆக்சின் ஹார்மோன் கூடினால் முதன்மை வேரின் நீளம் குறைந்து, பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகும். வேரின் நீளத்தோடு செடியின் எடையையும் பாருங்கள்.

மூன்று தொட்டி, தொட்டிக்குப் பத்துச் செடி. மாதிரி எண்ணிக்கை 30 தானே?

இல்லை, 3. பாக்டீரியாவைத் தொட்டிக்குத்தான் ஊற்றினீர்கள், செடிக்குச் செடி தனித்தனியாக அல்ல. ஒரே தொட்டியின் பத்துச் செடிகளும் ஒரே ஈரத்தையும் ஒரே வெளிச்சத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொன்று, வளர்ப்பு அறையின் அலமாரித் தட்டில் விசிறிக்குப் பக்கம் ஒரு மாதிரி வளரும், மூலையில் ஒரு மாதிரி வளரும். பாக்டீரியாத் தொட்டிகளை ஒரு தட்டிலும் கண்ட்ரோலை இன்னொரு தட்டிலும் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு தட்டுகளைத்தான். கலைத்து வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், முழுச் சோதனையையும் வேறு வேறு நாட்களில் மூன்று முறை செய்யுங்கள்.

மேடம், பள்ளி ஆசிரியர் நான். அவரை இனச் செடியின் வேர் முடிச்சை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறது. மாணவர்கள் இரத்தமா என்கிறார்கள்.

உங்கள் மாணவர்கள் ரொம்பத் தூரம் போய்விடவில்லை. அது லெக்ஹீமோகுளோபின், நம் இரத்தத்துச் சிவப்பணுவில் இருப்பதன் உறவுக்காரப் புரதம். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்ஸிஜன் பட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் அதை வைத்திருக்கும் முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியத்துக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும், ஏனென்றால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கவே 16 ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகிறது. இந்தச் சிக்கலைச் செடி தீர்க்கும் விதம் இது: புரதம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்குச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கிறது. வகுப்பில் பல முடிச்சுகளை வெட்டிக் காட்டுங்கள். சிவந்திருப்பது வேலை செய்கிறது. வெளுத்தது ஒன்று பிஞ்சு, இல்லையென்றால் பயனில்லாத வகை. பச்சையானது வயதாகி ஓய்ந்தது.

இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பாக்டீரியாக்களை இனம் காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசை பார்த்தேன். பெரும்பகுதி சயனோபாக்டீரியா! புதிய கண்டுபிடிப்பா?

பசுங்கணிகத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், வாழ்த்துகள். கேலிக்காகச் சொல்லவில்லை, இதில் விழாதவர் குறைவு. பசுங்கணிகம் ஒரு காலத்தில் சயனோபாக்டீரியாவாக இருந்ததுதான், அதன் 16எஸ் மரபணு இன்றும் அந்த ஜாடையில் இருக்கிறது. மைட்டோகாண்டிரியாவும் இதே மாதிரி ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவின் பெயரில் எட்டிப் பார்க்கும். பசுங்கணிகத்தைத் தவிர்க்கும் பிரைமர்களோ (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் துண்டுகள்), அதன் மரபணு நகலாகாமல் தடுக்கும் பி.என்.ஏ. தடுப்பான்களோ பயன்படுத்துங்கள், மிச்சத்தைக் கணினியில் களைந்துவிடுங்கள்.

மைக்கோரைசாப் பூஞ்சையைத் தனியாகத் தட்டில் வளர்க்க முடியுமா?

வேரில் பின்னும் அந்த ஆர்பஸ்குலர் வகையா? பாக்டீரியாவை வளர்ப்பதுபோலச் சாதாரண ஊடகத்தில் வளராது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலத்தை அதனால் புதிதாகத் தயாரிக்க முடியாது, செடியிடம் வாங்கித்தான் பிழைக்கிறது. அதனால் அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸால் மாற்றிய கேரட் வேரைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் பூஞ்சையை ஏற்றுவார்கள். இலை, தண்டு எதுவுமில்லாமல் வேர் மட்டும் தட்டில் ஓடுவதை முதல்முறை பார்த்தால் விசித்திரமாக இருக்கும்.

சோதனை முடிந்த மரபணு மாற்றுச் செடிகள் பார்க்க அழகாக இருக்கின்றன. வீட்டில் நட்டுக்கொள்ளலாமா?

கூடாது. செடி, மண், விதை எல்லாம் ஆட்டோகிளேவுக்குள். அரபிடாப்சிஸ் விதை தூசி மாதிரி சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வரும். கிளம்புமுன் அதையும் உதறிவிட்டுப் போங்கள்.