கேள்வி - பதில்: நாற்காலியைக் காத்த கணக்கு

2017 தமிழக ஆட்சி நெருக்கடி பற்றியும், பேரவையில் பெரும்பான்மை எப்படி உருவாகிறது, எப்படிக் கரைகிறது என்பது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

எடப்பாடி பழனிசாமிக்கு 2017 பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் 122 ஓட்டு கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் 19 எம்.எல்.ஏ.க்கள் ஆதரவை வாபஸ் வாங்கினார்கள். அப்புறமும் ஆட்சி 2021 வரை ஓடியது எப்படி?
- வாசகர், தேனி

கூட்டல் கழித்தலைப் போட்டால் பாதி புரிந்துவிடும். பேரவையில் 234 இடம். ஜெயலலிதா மறைவால் ஆர்.கே. நகர் காலி, மிச்சம் 233. இதில் இரட்டை இலையில் வென்றவர்கள் சபாநாயகரையும் சேர்த்து 135 பேர். எதிரே தி.மு.க. 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1, ஆக 98.

பிப்ரவரியில் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓ. பன்னீர்செல்வம் அணி ஆகஸ்ட் 21 அன்று திரும்பிச் சேர்ந்தது. மறுநாளே சசிகலா தரப்பைச் சேர்ந்த டி.டி.வி. தினகரனின் ஆதரவாளர்கள் 19 பேர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அந்த நிலையில் வாக்கெடுப்பு நடந்து, 19 பேரும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் எதிர்ப்பக்கம் 117. சபாநாயகர் சமநிலை வந்தால்தான் ஓட்டுப் போடுவார் என்பதால் ஆளும் பக்கம் 115. இரண்டு ஓட்டில் ஆட்சி கவிழ்ந்திருக்கும்.

ஆனால் வாக்கெடுப்பே நடக்கவில்லை. பேரவையைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கும்படி ஆளுநர் சொல்லவில்லை. 19 பேரில் ஒருவர் முதல்வர் பக்கம் திரும்பிவிட, மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். அவையின் எண்ணிக்கை 215 ஆனது. பெரும்பான்மைக்கு 117 வேண்டியிருந்த இடத்தில் 108 போதும் என்றாயிற்று. முதல்வருக்குப் புதிதாக ஒரு ஓட்டுகூடக் கூடவில்லை. எதிராக விழவேண்டிய 18 ஓட்டு அவையை விட்டே போனது, அவ்வளவுதான்.

பிறகு நாட்காட்டி வேலை செய்தது. இரண்டு நாளில் உயர் நீதிமன்றம், மறு உத்தரவு வரும்வரை நம்பிக்கை வாக்கெடுப்பும் கூடாது, அந்த 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவிப்பும் கூடாது என்றது. அந்த 18 பேர் போட்ட வழக்கில் கிடைத்த உத்தரவுதான் அது. பலன் முதல்வருக்கும் சேர்ந்தே போனது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் முடிவு வந்தது 2019 மே 23 அன்று. ஏறத்தாழ 20 மாதம் 18 தொகுதிகளுக்கு எம்.எல்.ஏ. கிடையாது.

அந்த முடிவுதான் ஆட்சிக்கு மெய்யான பரீட்சை. மரணம், பதவி இழப்பு என்று மேலும் காலியான இடங்களோடு 22 தொகுதிகளில் தேர்தல். அவை மறுபடி 234 ஆகும்போது 118 வேண்டும். கையில் இருந்தது சபாநாயகரோடு 114, அதிலும் சிலர் அதிருப்தியில். தி.மு.க. 13, அ.தி.மு.க. 9 வென்றன. மக்களவைத் தேர்தலில் படுதோல்வி அடைந்த அதே நாளில், ஆட்சிக்கு வேண்டிய எண்ணிக்கை வந்து சேர்ந்துவிட்டது.

பிப்ரவரியில் அரசை எதிர்த்து ஓட்டே போட்ட 11 பேர் பதவி தப்பியது. கடிதம் மட்டும் கொடுத்த 18 பேர் பதவி போனது. இது என்ன நியாயம்?
- வாசகி, திருநெல்வேலி

நியாயத்தைத் தள்ளி வையுங்கள், சட்டத்தைப் பார்ப்போம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, இரண்டு குற்றங்களைச் சொல்கிறது. ஒன்று, கட்சி உறுப்பினர் பதவியைத் 'தானாக விட்டுக்கொடுப்பது'. இன்னொன்று, கொறடா (கட்சி எம்.எல்.ஏ.க்கள் எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று சொல்பவர்) உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது அல்லது போடாமல் இருப்பது. இதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்கலாம்.

பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மேல் வருவது இரண்டாவது. 18 பேர் மேல் அரசுக் கொறடா சுமத்தியது முதலாவது. தானாக விட்டுக்கொடுப்பது என்றால் ராஜினாமாக் கடிதம்தான் என்றில்லை, நடத்தையே போதும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னது. ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய் 'எங்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை' என்றால், எதிர்க்கட்சியோடு சேர்ந்து அரசைக் கவிழ்க்கும் வேலை அது என்று சபாநாயகர் எடுத்துக்கொண்டார். 18 பேர் நம்பியது கர்நாடக முன்னுதாரணத்தை. அங்கே 2010இல் எடியூரப்பாவுக்கு எதிராக இதேபோலக் கடிதம் கொடுத்த பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்களின் தகுதி நீக்கத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அங்கே சபாநாயகர் வாக்கெடுப்புக்கு முந்திய நாள் அவசர அவசரமாக உத்தரவு போட்டு மாட்டிக்கொண்டார். இங்கே நோட்டீஸ், விளக்கம், அவகாசம் என்று வாரக்கணக்கில் நடைமுறை காட்டிவிட்டுத்தான் உத்தரவு வந்தது. ஒரே மாதிரியான கடிதத்துக்கு வெவ்வேறு முடிவு வந்ததில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

11 பேர் விஷயத்தில் புகாரை முடிவு செய்யவேண்டியவர் அதே சபாநாயகர். அதற்குள் அவர்கள் ஆட்சியில் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். பன்னீர்செல்வம் துணை முதல்வர். தி.மு.க. நீதிமன்றம் போனது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சபாநாயகர் முடிவுக்கே விட்டுவிட்டது. தகுதி நீக்கம் வரவே இல்லை. இத்தனை நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று அட்டவணையில் கெடு கிடையாது. சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான் என்பது எங்கள் கருத்து: எதிரி என்றால் நான்கு வாரம், நண்பர் என்றால் நான்கு வருஷம்.

சட்டப்படி பத்திரமாக வெளியேற 18 பேருக்கு ஒரே வழி, மூன்றில் இரண்டு பங்கு எம்.எல்.ஏ.க்களோடு இன்னொரு கட்சியில் இணைவது. 135இல் அது 90 பேர். முன்பு மூன்றில் ஒரு பங்கு பிரிந்தாலே போதும் என்று விதிவிலக்கு இருந்தது; 2003இல் 91ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது.

எதிர்க்கட்சி சபாநாயகரைத் தடுக்க வழியே இல்லையா?
- வாசகர், வேலூர்

இருக்கிறது, 2019இல் செய்தும் காட்டினார்கள். ஏப்ரல் கடைசியில் மேலும் மூன்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களுக்குச் சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பினார். உடனே தி.மு.க. சபாநாயகரையே நீக்கக் கோரும் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது. தன்னை நீக்கக் கோரும் நோட்டீஸ் நிலுவையில் உள்ள சபாநாயகர் பிறரைத் தகுதி நீக்கம் செய்யக்கூடாது என்று அருணாசலப் பிரதேச வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதைக் காட்டியதும் மே 6 அன்று தடை கிடைத்தது.

வாக்கெடுப்பு அன்று உள்ளே உண்மையில் என்ன நடக்கும்? ரகசிய வாக்கெடுப்பு ஏன் கூடாது?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

முதல்வர் ஒருவரித் தீர்மானம் கொண்டு வருவார்: தன் அமைச்சரவை மீது இந்த அவை நம்பிக்கை வைக்கிறது என்று. விவாதம். பிறகு ஓட்டு. குரல் வாக்கில் முடிக்கப் பார்த்தால் எதிர்க்கட்சி 'டிவிஷன்', அதாவது ஓட்டை எண்ணிப் பார்க்கக் கேட்கும். மணி அடிக்கும், கதவுகளைப் பூட்டுவார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. 2017 பிப்ரவரி 18 அன்று அவையை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள்.

தி.மு.க.வும் பன்னீர்செல்வம் அணியும் கேட்டது ரகசிய வாக்கெடுப்பு. சபாநாயகர் மறுத்தார். காரணம் எளிது: யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரியாவிட்டால் கொறடா உத்தரவுக்கு அர்த்தமே இல்லை. பத்து பேருக்கு நடுவே எழுந்து நிற்கும்போது எம்.எல்.ஏ.வின் பக்கத்தில் அவர் கட்சிக்காரர்தான் நிற்கிறார். அந்த அழுத்தம் தலைவருக்குத்தான் லாபம்.

அன்று அமளியில் மைக் உடைந்தது, அவை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது, தி.மு.க.வினரை அவைக் காவலர்கள் வெளியேற்றினார்கள், காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு செய்தன. முடிவு 122க்கு 11. எல்லோரும் இருந்திருந்தால் மாறியிருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: வெளியே போன அத்தனை பேரும் எதிர்த்திருந்தாலும் எதிர்ப்பக்கம் 110ஐத் தொட்டிருக்காது. எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் கடற்கரை விடுதியில் அடைத்து வைத்தது அந்தக் கணக்கை முன்பே முடித்துவிட்டது.

கூவத்தூர் மாதிரி ரிசார்ட்டில் அடைத்து வைப்பதால் என்னதான் பயன்? மனசு மாறினால் மாறத்தானே செய்யும்?
- வாசகி, மதுரை

மனசு மாறலாம், தனியாக மாறுவதுதான் கஷ்டம். எம்.எல்.ஏ.வை மாற்றுவது பெரும்பாலும் ஒரு போன், ஒரு சொந்தக்காரர், தொகுதியிலிருந்து வரும் நாலு நிர்வாகிகள். ரிசார்ட் இந்த மூன்றையும் அறுக்கிறது. பன்னீர்செல்வத்துக்குச் சமூக வலைதளத்தில் அலை அலையாக ஆதரவு குவிந்த அந்த நாட்களில், அந்தச் சத்தம் காதில் விழவேண்டியவர்கள் கடற்கரை விடுதியில் இருந்தார்கள். இரண்டாவது பயன், ஆளுநர் கேட்டால் அந்த நிமிஷமே புதுக் கையெழுத்து வாங்கலாம். மூன்றாவது, வாக்கெடுப்பு நாளில் எல்லோரையும் ஒரே வண்டித் தொடராகப் பேரவைக்குள் கொண்டு இறக்கலாம்.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை விழும். மதுரை தெற்கு எம்.எல்.ஏ. சரவணன் மாறுவேடத்தில் தப்பி வந்ததாகச் சொன்னார். அடைத்து வைத்தவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட்டால் போலீஸ் உள்ளே போய் வாக்குமூலம் வாங்கவேண்டிவரும்.

விடுதி எந்த மாநிலத்தில் என்பதையும் கவனியுங்கள். தினகரன் ஆதரவாளர்கள் போனது புதுச்சேரிக்கும் குடகுக்கும். அன்று இரண்டு இடத்திலும் காங்கிரஸ் ஆட்சி. 2022இல் சிவசேனை அதிருப்தியாளர்கள் போனது சூரத்துக்கும் குவாஹாட்டிக்கும், இரண்டிலும் பா.ஜ.க. ஆட்சி. உள்ளூர்ப் போலீஸ் யார் கையில் என்பதுதான் முதல் கேள்வி, அறை வாடகை அப்புறம்.

தோற்பது நிச்சயம் என்றால் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்வது கௌரவம்தானே?
- வாசகர், கோவை

கௌரவமாக இருக்கலாம், வழக்குக்குக் கேடு. மகாராஷ்டிர முதல்வராக இருந்த உத்தவ் தாக்கரே 2022 ஜூன் 29 இரவு, மறுநாள் வாக்கெடுப்பு இருக்க, ராஜினாமா செய்தார். வாக்கெடுப்புக்கு ஆளுநர் உத்தரவிட்டதே தவறு என்று 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அவரை மறுபடி அமர்த்த முடியாது என்றது. வாக்கெடுப்பைச் சந்திக்காமல் தானாக விலகியவர் என்பதே காரணம். தோற்றிருந்தால் அந்தத் தோல்வியை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம்.

கர்நாடக முதல்வராக இருந்த குமாரசாமி 2019 ஜூலை 23 அன்று 99க்கு 105 என்று அவையிலேயே தோற்றார். அங்கே எதிர்த்தரப்பு கையாண்டது இன்னொரு முறை: ஆளும் கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் ஓட்டையே மாற்றாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்து வராமல் இருந்துவிட்டார்கள். தகுதி நீக்கம் வந்தது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை என்றது. டிசம்பரில் நடந்த 15 தொகுதித் தேர்தலில் பா.ஜ.க. 12ஐ வென்றது.

ஆட்சி இருந்தால் சின்னம் தானாக வந்துவிடுமா?
- வாசகர், சேலம்

தானாக வராது, ஆனால் சரிவு அந்தப் பக்கம்தான். இதற்கான விதி 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணை, 15ஆவது பத்தி. இரு அணிகளும் எம்.எல்.ஏ., எம்.பி., பொதுக்குழு உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரங்களைக் கட்டுக்கட்டாகத் தாக்கல் செய்யும். யார் பக்கம் அதிகம் என்று தேர்தல் ஆணையம் பார்க்கும். பதவி கொடுக்க முடிந்தவரிடம் பத்திரங்கள் வேகமாகச் சேரும். 2017 மார்ச் 22 அன்று முடக்கப்பட்ட இரட்டை இலை, அணிகள் இணைந்து, செப்டம்பரில் பொதுக்குழு கூடி, சசிகலாவைப் பொதுச் செயலாளராக நியமித்ததை ரத்து செய்தபின், நவம்பர் 23 அன்று பழனிசாமி - பன்னீர்செல்வம் தரப்புக்கு வந்தது. அடுத்த மாதமே ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரனிடம் அந்த இலை 40,707 ஓட்டில் தோற்றது என்பது வேறு கதை.

எம்.எல்.ஏ.வாக இல்லாதவர் ஆறு ஆறு மாதமாக முதல்வர் பதவியை நீட்டிக்கலாமா?
- வாசகி, நாகர்கோவில்

முடியாது. ஆறு மாதத்துக்குள் ஜெயிக்காமல் ராஜினாமா செய்துவிட்டு மறுபடி பதவியேற்பது செல்லாது என்று பஞ்சாப் அமைச்சர் ஒருவர் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அதிருப்தியில் இருக்கும் எல்லோரையும் அமைச்சராக்கிவிட்டால் பிரச்சினை தீருமே?
- வாசகர், திருச்சி

முன்பு உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 90க்கும் மேற்பட்ட அமைச்சர்களோடு அதைத்தான் செய்தார். இப்போது அவையின் எண்ணிக்கையில் 15 சதவீதம்தான் உச்சவரம்பு. தமிழ்நாட்டுக்கு முதல்வரையும் சேர்த்து 35. அதற்குமேல் கையில் இருப்பது வாரியத் தலைவர் பதவி, தொகுதிக்குச் சாலை, பாலம், கல்லூரி. வாரியப் பதவி கொடுக்கும்போது எம்.எல்.ஏ. அரசில் ஆதாயம் தரும் பதவி வகிக்கக்கூடாது என்ற விதியில் அது விலக்குப் பெற்றதா என்று பார்க்காமல் கொடுத்தால், காப்பாற்ற நினைத்த எம்.எல்.ஏ.வையே அது பதவி இழக்க வைத்துவிடும்.