விலை குறைந்த ஸ்காட்ச் மட்டமா?

கேள்வி: ஒரே ஆலையின் மால்ட் விஸ்கியான சிங்கிள் மால்ட்தான் அசல் ஸ்காட்ச், விலை குறைந்த பிளெண்டட் எல்லாம் கலப்படம் என்கிறாரே என் நண்பர்?

பதில்: கலப்படம் இல்லை சார், கலவை. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில் செய்த விஸ்கியோடு, நிறுத்தாமல் ஓடும் உயரமான வடிகலனில் மலிவாக இறக்கிய தானிய விஸ்கியைச் சேர்ப்பதால்தான் விலை இறங்குகிறது. ஆனால் இரண்டுமே ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தாக வேண்டும், சட்டம் அப்படி. டீச்சர்ஸ் என்ற பிளெண்டட் விஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோ சரக்கு. அதற்கு உயிர் கொடுப்பது, அதைத் தொடங்கிய டீச்சர் குடும்பமே 1898-இல் கட்டிய ஆர்ட்மோர் ஆலையின் மால்ட். பீட் எனும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகையில் பார்லியை உலர்த்துவதால், அந்த விலையிலும் மெல்லிய புகைவாசம் வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். கொஞ்சம் தண்ணீர் விட்டு முகர்ந்து பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரியும்.