ஆரத்தித் தண்ணீரும் அமிலப் பாடமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பினாங்கில், தமிழுக்கும் கலைகளுக்கும் நிறைய இடம் தரும் ஒரு சிறிய இடைநிலைப்பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக இருக்கிறேன். படிவம் 2-இல் 18 மாணவர்கள். பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். அமிலம், காரம் பாடத்தை ஆரத்தியிலிருந்து தொடங்க நினைத்து, மஞ்சள் தண்ணீரில் சமையல் சோடா கலந்து பார்த்தேன். மங்கலான ஆரஞ்சு நிறம்தான் வந்தது. எலுமிச்சைச் சாற்றில் மாற்றமே இல்லை. என்ன தவறு? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: தவறு உங்கள் கையில் இல்லை, சோடாவில் இருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் சிவப்பாக மாறுவது பிஎச் (அமில, கார அளவு) ஏறத்தாழ 7.4-க்கும் 8.6-க்கும் இடையில். சோடாக் கரைசல் 8.3 அளவில்தான் நிற்கும், அதனால் நிறம் பாதி வழியில் தங்கிவிடுகிறது. வெற்றிலைக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்பை எடுங்கள்; லிட்டில் இந்தியாவில் தாராளமாகக் கிடைக்கும். அரைத் தேக்கரண்டியை 200 மில்லி நீரில் கலக்கி, இரவு முழுவதும் மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஎச் 12-ஐத் தாண்டும், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

மஞ்சள் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு தேக்கரண்டித் தூளை 50 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஸ்பிரிட் தீப்பற்றும், அன்று பன்சன் அடுப்பு மேசைக்கே வரக்கூடாது.

மூவர் கொண்ட ஆறு குழுக்கள் போதும். சோதனைக்குழாயில் 5 மில்லி சுண்ணாம்பு நீர், அதில் சில சொட்டு மஞ்சள் சாறு. ஆரத்திச் சிவப்பு உடனே வரும். பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். ஐந்தாறு சொட்டில் மீண்டும் மஞ்சளாகும். நடுநிலையாக்கல் அங்கே கண்முன் நடக்கிறது. அடியிலுள்ள வெள்ளை மண்டி கலந்துவிட்டால், கரையாத சுண்ணாம்பு மெல்லக் கரைந்துகொண்டே இருப்பதால் சிவப்பு திரும்பத் திரும்ப வரும். பயிற்சி ஆசிரியர்கள் திணறுவது இந்த இடத்தில்தான். மஞ்சளும் சுண்ணாம்பு நீரும் சேர்ந்த கலவையைக் காலையிலேயே தயாரித்து வைக்கவும் வேண்டாம், காரத்தில் குர்குமின் சிதைந்து நிறம் மங்கும்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. மஞ்சள் சாறு, நீரிலும் அமிலத்திலும் ஒரே நிறம் காட்டும். இதை மட்டும் வைத்தால், “எலுமிச்சையும் தண்ணீரும் ஒன்று” என்று மாணவர் எழுதிவிடுவார். ஆகவே சங்குப்பூவைச் சேருங்கள்: பத்துப் பூ, 100 மில்லி வெந்நீர், பத்து நிமிடம். புலுட் தாய் தாய் பலகாரத்துக்கு நீலம் தரும் அதே பூ, மலாயில் ‘புங்கா தெலாங்’ என்றால் யாவருக்கும் புரியும். நீரில் நீலம், எலுமிச்சையில் ஊதா அல்லது இளஞ்சிவப்பு, சுண்ணாம்பு நீரில் பச்சை. பச்சை சிறிது நேரத்தில் மஞ்சளாகும். ஒரு நிமிடத்துக்குள் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆரத்தி என்ற சொல்லை அறிமுகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கற்பூரம் ஏற்ற வேண்டாம். எல்லா மாணவர்களுக்கும் அது வீட்டு வழக்கமாக இருக்காது. மலாயில் ‘குன்யிட்’ (மஞ்சள்), ‘காப்பூர்’ (சுண்ணாம்பு) என்றால் யாரும் விலகி நிற்கமாட்டார்கள்.

கேள்வி: மாணவர்கள் “மிளகாய் காரம்” என்று விடை எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் வரும் குழப்பம் இது. பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கே கொடுங்கள். வெண்பலகையில் மூன்று பத்தி: தமிழ், மலாய், நிறம். ‘காரம் - அல்காலி’, ‘அமிலம் - அசிட்’ என்று எழுதிவிட்டு, அரைத்த மிளகாய் ஊறிய நீரைச் சங்குப்பூச் சாற்றில் விடச் சொல்லுங்கள். பச்சை வராது. எரிச்சலை உண்டாக்குவது கேப்சைசின். அது நாக்கின் வெப்ப நரம்பைத் தூண்டுகிறது, அல்காலி அல்ல. ஆய்வகத்தில் எதையும் சுவைக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடாதபடி கையுறையும் கொடுங்கள்.