கோர்ட் மாறினால் வழக்கு முதலிலிருந்து தொடங்காது

புதுக் கோர்ட் வந்ததில் உங்கள் பாகப்பிரிவினை வழக்கு அங்கே போய்விட்டது, பழைய எண்ணைப் போட்டால் முடிந்ததாகக் காட்டுகிறது, திரும்பவும் மனுப் போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் சார். சிவில் நடைமுறைச் சட்டம் 150-வது பிரிவின்படி வேலையை ஏற்கும் கோர்ட்டுக்குப் பழைய கோர்ட்டின் அதிகாரங்கள் எல்லாம் உண்டு. விட்ட இடத்திலிருந்துதான் நடக்கும். எண் மட்டும் மாறியிருக்கும்.

இ-கோர்ட்ஸ் செயலியில் மதுரை மாவட்டம், புதுக் கோர்ட் எனத் தேர்ந்து உங்கள் அப்பா பெயரில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய கோர்ட் சிரஸ்தாரிடம் (தலைமை எழுத்தர்) வழக்குக் கட்டு எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். வக்கீலையே நம்பி உட்காராதீர்கள். எங்கள் வரப்புத் தகராறில் அப்படி இருந்து, ஆஜராகவில்லை என்று தள்ளுபடி ஆனது. தள்ளுபடியானால் வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். தாண்டினால் தாமதத்துக்கு விளக்கம் எழுதித் தனி மனு. அலைச்சல் அதில்தான்.

ஹைகோர்ட் பேச்சு இப்போது தேவையில்லை. தேவைப்பட்டாலும் ஒத்தக்கடை பக்கத்திலேயே ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை இருக்கிறது; 2004 ஜூலைக்கு முன்னால் என்றால் சென்னைக்கு ராத்திரி பஸ் பிடித்திருப்பீர்கள். அப்புறம், கோர்ட்டில் கொடுத்த அசல் பத்திரங்கள் புதுக் கட்டில் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.