தம்பி தனக்குள்ளேயே பேசுகிறான், அறையை விட்டு வருவதில்லை; இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

பொறுத்துப் பார்க்க வேண்டாம். இது உளப்பிறழ்வாக (சைக்கோசிஸ்: இல்லாத குரல்கள் கேட்பது, வீண் சந்தேகம் கொள்வது) இருக்கலாம்; இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது குறி கேட்கச் சொல்லியிருப்பார்கள்.

முக்கூடலில் என் தம்பிக்கு இது கல்லூரி இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, கூடப் படிப்பவர்கள் செல்போன் வழியாகத் தன் நினைப்பை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றான். கடைசியில், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று அதைக் குழாயடியில் அலசிப் பிழிந்து தின்றான். பீடிச் சுளவை மடியில் வைத்தபடி அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவோ, "ஒரு கால்கட்டைப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்றாள். அந்தப் பேச்சின் மீது எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. யாரோ பெற்ற பெண்ணை இவனுக்கு மருந்தாக அரைத்துக் கொடுக்க இவர்கள் யார்?

தெய்வத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சுடலை எங்கள் குலதெய்வம். தம்பி திருநீறும் பூசினான், மாத்திரையும் விழுங்கினான், மருத்துவர் தடுக்கவில்லை. கோயிலைக் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதையும், நோயாளியைக் கட்டிப்போடுவதையுமே எதிர்க்கிறேன். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 28 பேர் தீயில் மாண்டது, சங்கிலியால் பிணைத்திருந்ததால் தப்ப முடியாமல்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதையே தடை செய்கிறது.

அறிகுறி தெரிந்த நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் உள்ள இடைவெளி நீள நீள, மீண்டு வருவது கடினமாகிறது. 1990களில் மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரி குழுவினர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் முதல்முறை உளப்பிறழ்வுக்கு ஆளான இளைஞர்களுக்கென்றே தனி மையம் தொடங்கியது, அந்த இடைவெளியைக் குறைக்கத்தான். அங்கே மருந்தோடு, குடும்பத்தாருக்கு நோயைப் புரியவைப்பதும், படிப்புக்கும் வேலைக்கும் திரும்பத் துணைநிற்பதும் சிகிச்சையாகவே கருதப்பட்டன.

குரல்கள் அடங்கியதும், "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு மாத்திரை?" என்று உறவினர்கள் கேட்பார்கள். நான் மருத்துவர் அல்லேன். ஆனாலும் இதை உறுதியாகச் சொல்வேன்: முதல்முறை வந்த நோய்க்கே குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் அதற்கு மேலும், மருந்து தேவைப்படும். உடல் பருத்தாலோ பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழியுண்டு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்பினால், 2022 முதல் இயங்கும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். தம்பி வர மறுத்தால், அவனுக்குக் கேட்கும் குரல்கள் பொய்யென்று வாதாடாதீர்கள். தூக்கம் வராததற்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். என் தம்பி அதற்குத்தான் பேருந்து ஏறச் சம்மதித்தான்.