கார்ட் காசைப் பிந்திக் கட்டுறது பொடியள் மட்டுமா?

கேள்வி: எங்கட மூத்தவனுக்கு 26 வயசு, கொழும்பில பிரைவேட் கம்பனியில வேலை. கொஞ்ச மாசமா கிரெடிட் கார்ட் பில்லைப் பிந்தித்தான் கட்டுறான், லேட் ஃபீயும் விழுது. "யாழ்ப்பாணத்தில வளந்திருந்தா இப்பிடிச் செய்வானா, எல்லாம் கொழும்புப் பழக்கம்" எண்டு இவர் ஏசுறார். அமெரிக்காவில இருக்கிற என்ர தம்பி, அங்கயும் இளசுகளும் தெற்குப் பக்கத்தாக்களும்தான் கூடப் பிந்துறது எண்டுறான். உண்மையோ?
- ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: தம்பி சொன்னது சரிதான் அம்மா, ஆனா ஏன் எண்டும் கேட்டிருக்கலாம். நியூயோர்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2024இல வெளியிட்ட கணக்கில, 1995க்குப் பிறகு பிறந்த கார்ட்காரரில ஏறத்தாழ 15 வீதம் பேர் லிமிட்டை முட்ட முட்டப் பாவிச்சிருந்தவை, அறுபதைத் தாண்டினாக்களில அது 5 வீதமளவுதான். முட்டினவைதான் கூடப் பிந்துறதும். சின்னதுகளுக்கு லிமிட்டே சின்னது, சம்பளம் குறைவு, சேமிப்பும் இல்ல. தெற்கில இருக்கிற மிசிசிப்பி, லூசியானா பக்கம் கிரெடிட் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டுறதைப் பாத்துக் குடுக்கிற புள்ளி, குறைவா இருக்கிறதுக்கும் குறைஞ்ச வருமானம் ஒரு காரணம், ஊர்க்குணம் எண்டு மட்டும் சொல்லேலாது.

இப்ப உங்கட அவரிட்ட வருவம். எங்கட பெரியாக்கள் பிந்தினதே இல்லையோ? அவைக்குக் காசு முட்டுப்பட்டா காப்பு அடகுக்குப் போகும், சீட்டைக் கழிச்சு எடுப்பினம், வட்டி ஏறி நகை மூழ்கினாலும் அது கார்ட் கணக்கில வராது, அதால அவை ஒழுங்கான ஆக்கள், பொடியன் மட்டும் ஊதாரி! கார்ட்டே இல்லாத ஊரில கார்ட் பில் பிந்தாதுதானே.

மகன்ர ஸ்டேட்மென்ட்டை எடுத்து ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு டியூ டேட். சம்பளம் 25ஆம் திகதி, டியூ டேட் 20 எண்டா மாசாமாசம் பிந்தத்தான் செய்யும், பேங்கோட கதைச்சு திகதியை மாத்தக் கேக்கட்டும். மற்றது, மினிமம், அதான் பில்லில போட்டிருக்கிற ஆகக் குறைஞ்ச தொகை, அதை மட்டும் கட்டுறானோ எண்டு. ஒரு லட்சம் பாக்கி, வருசத்துக்கு 26 வீதம் வட்டி எண்டு வைச்சா மாசம் 2,167 ரூபா வட்டிக்கே போகுது, 5,000 கட்டினாலும் முதலில 2,833தான் குறையும், அதுக்குள்ள புதுசா தேய்ச்சா அதுக்கும் அண்டைக்கே வட்டி ஓடத் தொடங்கும். 2020இல எங்கட மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு வைச்சது, 2022 ஏப்ரலில உச்சவரம்பை எடுத்த பிறகு சில மாசத்துக்குள்ள வட்டி 30ஐயும் தாண்டினது, மினிமம் கட்டிக்கொண்டு இருந்த எல்லாரும் அப்ப அம்பிட்டவை, வயசு பாத்து இல்ல. போன் வாங்கி 'சீரோ வீதம்' இன்ஸ்டால்மென்ட்டில போட்டிருந்தா அந்தக் காசும் லிமிட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதையும் பாருங்கோ.

பிந்தினது கிறிப்பில, அதான் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த கொடுகடன் தகவல் பணியகத்தில, பதிஞ்சிருக்கும். நாளைக்கு லீசிங், வீட்டுக்கடன் எண்டு போனா முதல்ல அதைத்தான் தட்டிப் பாப்பினம். தன்ர ரிப்போர்ட்டை அவனே எடுக்கலாம், ஏசுறதுக்கு முதல் அதை எடுக்கச் சொல்லுங்கோ.