‘மொட்டு’ என்றால் தேர்ச்சியா, தோல்வியா?

கேள்வி: என் மூன்று பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். மூத்தவன் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் 500க்கு 318 எடுத்திருக்கிறான். அடுத்தவன் ஏழாம் வகுப்பு. கணக்கில் ‘பி1’ தரம். கடைக்குட்டி மூன்றாம் வகுப்பு. தமிழில் ‘மொட்டு’ நிலையில் இருப்பதாக ஆசிரியை சொல்கிறார். மதிப்பெண் சொல்லாத படிப்பு என்ன படிப்பு என்று கோபப்படும் என் கணவர், அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, இந்த ஒரு காரணத்துக்காக மாற்ற வேண்டாம். ஆனால் ஆசிரியை சொன்னதை நீங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் குழந்தைகளுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய, 2022இல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை அவர்களுடைய இப்போதைய திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலையிலிருந்து கற்பிப்பது அதன் முறை. மூன்றாம் வகுப்பில் அரும்பு என்பது முதல் வகுப்புத் திறனையும், மொட்டு இரண்டாம் வகுப்புத் திறனையும், மலர் மூன்றாம் வகுப்புத் திறனையும் குறிக்கும். ஆகவே உங்கள் மகள் தமிழில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருக்கிறாள் என்பதே ஆசிரியை சொன்னதன் பொருள். இது தோல்வி அல்ல. அவள் முன்னேறும்போது மாறக்கூடிய நிலை. நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்று ஓர் எண்ணைக் கொடுத்திருந்தால், எழுத்துகளை அடையாளம் காண்பதில் தடுமாறுகிறாளா, சொற்களைச் சேர்த்து வாசிப்பதில் தடுமாறுகிறாளா, வாசித்ததைப் புரிந்துகொள்வதில் தடுமாறுகிறாளா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆசிரியையிடம் இதைத்தான் கேட்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தையை அறிய மதிப்பெண்ணைவிட இந்த விடையே பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உண்மையில் எனக்குக் கூடுதலான கவலை, நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட ஏழாம் வகுப்பு மகனைப் பற்றியது. அவனுக்கு ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் உண்டு. செயல்திட்டங்களும் சிறு தேர்வுகளும் முதலாவதில் அடங்கும், பருவ இறுதி எழுத்துத் தேர்வு இரண்டாவது. பி1 என்றால் மொத்தம் 71 முதல் 80க்குள். வளரறியில் 38 வாங்கிய பிள்ளை எழுத்துத் தேர்வில் 60க்கு 34 மட்டுமே எடுத்தாலும் 72 ஆகி, அதே பி1 கிடைத்துவிடும். எட்டாம் வகுப்புவரை தமிழகத்தில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. 2019இல் அறிவித்த ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளையும் 2020 பிப்ரவரியில் அரசு கைவிட்டது. சிறு பிள்ளைகளைத் தேர்வு அச்சத்திலிருந்து காத்த நல்ல முடிவு அது. ஆயினும் தேர்ச்சி உறுதி என்பதால் பெற்றோர் இந்த ஆண்டுகளில் பிள்ளையின் விடைத்தாளைப் பார்ப்பதே இல்லை. பின்னக் கணக்கில் ஏழாம் வகுப்பில் விட்ட பிடி ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரிகிறது. தரத்தை விட்டுவிட்டு, 40இலும் 60இலும் தனித்தனியே எவ்வளவு என்று கேளுங்கள். விடைத்தாளையும் வாங்கிப் பாருங்கள்.

மூத்தவனுடைய தேர்வின் நோக்கமே வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண், அவனை அறியாத வெளியாருக்கு, அதாவது அடுத்துச் சேரவிருக்கும் பள்ளிக்கோ பாலிடெக்னிக்குக்கோ, காட்டுவதற்கான சான்று. அதனால் விதிகளும் கறாரானவை: அறிவியல் செய்முறையில் 25க்கு 25 பெற்றாலும், எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. 318 என்ற மொத்தத்துக்குள் எந்தப் பாடமாவது 35ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைக்குட்டியை இன்றிரவு அவளுடைய பாடநூலில் இதுவரை படிக்காத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் அருகில் அமர்ந்து, திருத்தாமல் கேட்கட்டும். எந்தச் சொற்களில் நிற்கிறாள் என்பதைக் குறித்துக்கொண்டு, இருவருமாகச் சென்று ஆசிரியையிடம் காட்டுங்கள்.